எந்த ஒலிநூலை இரவல் எடுப்பது? மூன்று பேருக்கு ஆறு வழிகள்

எங்கள் தெருவில் புத்தகம் என்றால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கிளை நூலகத்துக்கு வாரம் தவறாமல் போய் வருகிறவள் என்று பெயர் வாங்கியாயிற்று. முன்பெல்லாம் "டீச்சர், நல்ல நாவலா ஒண்ணு சொல்லுங்க" என்பார்கள். ஒரு வருஷமாகக் கேள்வி மாறிவிட்டது: "படிக்க இல்ல டீச்சர், கேக்குறதுக்கு."

எதிர்வீட்டு அக்காவின் மாமனாருக்குச் சர்க்கரை கண்ணைத் தொட்டுவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாலும் வரி தப்புகிறது. அடுத்த தெருப் பையன் திருவாரூரிலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் ரயிலில் கல்லூரி போகிறான். கூட்டத்தில் புத்தகத்தைப் பிரிக்க முடியாது. காதில் மாட்டிக்கொண்டு நிற்கலாம். மூன்றாவது ஆள் என் அப்பா. அவருக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் சாய்ந்துகொண்டு, யாராவது கதை சொன்னால் தேவலை என்கிற வயசு.

நூலகத்தில் எடுப்பதுபோல எடுத்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்க என்ன வழி, அதில் எதை எடுப்பது? மூவரும் கேட்டது இதைத்தான். ஆனால் ஒருவருக்குச் சொன்ன பதில் இன்னொருவருக்குப் பொருந்தவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

அச்சுப் புத்தகம் எடுக்கும்போது தலைப்பைப் பார்க்கிறோம், எழுதியவர் பெயரைப் பார்க்கிறோம், நடுவில் ஒரு பக்கம் புரட்டுகிறோம். ஒலிநூலில் தலைப்பும் ஆசிரியரும் மூன்றாம் இடத்துக்குப் போய்விடுகிறார்கள். முதலில் குரல், அடுத்து நாள் கணக்கு.

குரலை அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன். அவர் திருச்சி வானொலி கேட்டு வளர்ந்தவர். 1939-ல் தொடங்கிய நிலையம் அது. நாடகம் என்றால் அந்தக் குரல்கள்தான் அவருக்கு அளவுகோல். முதன்முதலில் ஆசையாக ஒரு நாவலை ஏற்றிக் கொடுத்தேன். நாலு நிமிஷம் கேட்டார். "என்னம்மா இவன், ரேஷன் கடையில சீனி வந்துட்டுன்னு மைக்குல சொல்ற மாதிரி வாசிக்கிறான்" என்று அணைத்துவிட்டார். நல்ல நாவல்தான். அவருக்கு அது அன்றோடு முடிந்தது.

அதிலிருந்து எதை எடுத்தாலும் ஐந்து நிமிஷம் மாதிரி கேட்டுவிட்டுத்தான் எடுப்பது. அதுவும் முதல் அத்தியாயத்தில் வேண்டாம். முதல் பத்து நிமிஷத்தை எல்லோரும் கவனமாகத்தான் வாசிப்பார்கள். நடுவில் இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடத்துக்குத் தள்ளிப் போங்கள். மாமியாரும் மருமகளும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் பேசினால் பதினெட்டு மணி நேரம் தாங்காது.

அடுத்தது நாள் கணக்கு. இரவல் என்றாலே கெடு உண்டு. 18 மணி நேர நூலை 14 நாள் கெடுவில் எடுத்தால் தினம் 77 நிமிஷம் கேட்டாக வேண்டும். ரயில் பையனுக்குப் போகவர இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள், இரண்டு வாரத்துக்கு இருபது மணி நேரம். தேறும். ஆனால் நடுவில் இரண்டு நாள் மழை விடுமுறை விட்டால் இடிக்கும். வேகத்தை ஒன்றேகாலாக வைத்தால் 18 மணி நேரம் 14 மணி 24 நிமிஷமாகச் சுருங்கும். செய்தி, கட்டுரை வகைக்கு அது சரி, கதைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். அப்பாவின் கணக்கு வேறு. 40 நிமிஷம் சாய்வார், அதில் பாதியைத் தூக்கம் எடுத்துக்கொள்ளும். இரண்டு வாரத்தில் ஐந்து மணி நேரம்கூடத் தேறாது.

மூன்றாவது, நெட் இல்லாமல் ஓடுமா? பேச்சுக்குப் போதுமான 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் சுமார் 29 எம்.பி.; 128-ல் அதைப் போல இரண்டு மடங்கு. 15 மணி நேர நூல் குறைந்த தரத்தில் 430 எம்.பி. பக்கம் வரும். தினசரி டேட்டா பேக்கில் இது பெரிய சங்கதி இல்லை. ஆனால் ரயில் பாதையில் வயல் நடுவே சிக்னல் அறுந்து அறுந்து வரும் இடங்கள் உண்டு. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு எங்களுக்கு 11 நாள் கரண்ட் இல்லை. டவரும் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் காசு கொடுத்து போனுக்கு சார்ஜ் ஏற்றி வந்தோம். அப்போது ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த கதைகள் மட்டும்தான் ஓடின. அன்றிலிருந்து இறக்கி வைக்க முடியாத எதையும் நான் நம்புவதில்லை.

நான்காவது, விட்ட இடம். தூங்கி எழுந்தால் மூன்று அத்தியாயம் தாண்டிப் போயிருக்கும். தானாக அணையும் டைமர் இருக்கிறதா, விட்ட இடத்தை நினைவில் வைக்கிறதா, விரல் நடுங்குகிறவர்கள் அழுத்தும் அளவுக்குப் பட்டன் பெரிதா என்று பாருங்கள். காசு என் பட்டியலில் கடைசி. பெரும்பாலான வழிகள் இலவசம். அவை வாங்கிக்கொள்வது நேரத்தை.

## 1. ஊர் நூலகத்துப் புத்தகம், வீட்டுக் குரல்

முதலில் வீட்டு வாசலைப் பார்ப்போம். வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். 1948-ம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின் வழியாக வந்தது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. ஆக, நீங்கள் உறுப்பினரோ இல்லையோ, நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழிக்காரர். மன்னார்குடிப் பக்கம் 1931-லேயே மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக இரவல் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு பெருமை உள்ள மண்ணில், எங்கள் கிளை நூலகத்தில் ஒலிநூல் கேட்டேன். அலமாரி அடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு சி.டி. எடுத்துக் காட்டினார்கள். பாதி கணினிப் பாடம். வீட்டில் சி.டி. ஓட்டும் பெட்டியும் இல்லை.

சரி, அதற்காக நூலகத்தை விட்டுவிட வேண்டியதில்லை. அச்சுப் புத்தகத்தை எடுத்து வந்து வீட்டில் ஒருவர் வாசிப்பதுதான் தமிழில் இன்றைக்கும் அதிகத் தலைப்பு கிடைக்கும் 'ஒலிநூல்'. புதிதாக வந்த நாவல், சிறுகதைத் தொகுப்பு, யாருடைய உரிமைச் சிக்கலும் இல்லாமல் கைக்கு வருகிறது. ஒன்பதாவது படிக்கும் என் பையன் அப்பாவுக்கு ராத்திரி அரை மணி நேரம் வாசிக்கிறான். கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: பக்கத்துக்கு இரண்டு நிமிஷம். 200 பக்கப் புத்தகம் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கீழே. தினம் அரை மணி என்றால் 14 நாள் போதும். எங்கள் நூலகக் கெடு 15 நாள். ஏதோ அளந்து வைத்த மாதிரி.

"தாத்தா, தூங்கிட்டீங்களா?"

"இல்லடா, கண்ண மூடிட்டுக் கேக்குறேன். நீ படி."

இந்த டைமர் எந்தச் செயலியிலும் இல்லை. பையனுக்கும் தமிழ் வாசிப்பு திருந்தியிருக்கிறது. ஆரம்பத்தில் ஒவ்வொரு முற்றுப்புள்ளியையும் தாண்டி ஓடுவான்.

மறைந்திருக்கும் செலவு ஓர் ஆளின் நேரம். பரீட்சை வந்தால் நின்றுபோகும், தொண்டை கட்டினால் நின்றுபோகும். ஆள் இல்லாத நாளுக்காகப் போனில் பதிவு செய்து வைக்கலாம். வீட்டுக்குள் கேட்க மட்டும், ஊருக்கு அனுப்பக்கூடாது. நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் மறக்காதீர்கள். கெடு வெள்ளியில் விழுந்தால் வியாழனே போய்விட வேண்டும்.

வீட்டில் வாசிக்கத் தயாராக ஓர் ஆள் இருந்தால், முதியவர்களுக்கு என் முதல் தேர்வு இதுதான். தனியாக இருப்பவர்களுக்கு இது வழியே இல்லை.

## 2. சுகம்யா புஸ்தகாலயா

அக்காவின் மாமனாருக்கு நான் சொன்னது இது. அச்சை வாசிக்க முடியாதவர்களுக்கென்று 2016-ல் தொடங்கிய இணைய நூலகம்; பல இந்திய மொழிகளில் நூல்கள் இருக்கின்றன, தமிழும் உண்டு. முழுப் பார்வையின்மைக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்து விட்டுவிடுகிறார்கள். குறைபார்வை, வாசிப்புக் குறைபாடு, புத்தகத்தைக் கையில் பிடித்துப் பக்கம் புரட்ட முடியாத உடல்நிலை எல்லாம் இந்த வகையில் சேரும். பக்கவாதத்தில் கை விழுந்தவர்களும் கேட்டுப் பார்க்கலாம்.

இது எப்படி முடிகிறது என்றால், 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், வாசிக்க முடியாதவர்களுக்காக நூலை அவர்களுக்கு ஏற்ற வடிவத்தில் மாற்றிக் கொடுக்க விலக்கு அளிக்கிறது. இதையே உலக அளவில் செய்த மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடும் இந்தியாதான், 2014-ல். அதனால் உரிமை இன்னும் உயிரோடு உள்ள நூல்கள்கூட இங்கே கிடைக்க முடியும். அடுத்து வரும் லிப்ரிவாக்ஸ் போன்ற இலவசத் தளங்களில் இது நடக்காது.

இங்கே டெய்ஸி என்ற வடிவம் அடிக்கடி வரும். ஒலிக்கோப்புக்குள் தலைப்பு, அத்தியாயம், பக்கம் எல்லாம் குறியிட்டு வைத்திருப்பது. "ஆறாம் அத்தியாயத்துக்குப் போ" என்றால் போகும். சாதாரணப் பாட்டுக் கோப்பில் இழுத்து இழுத்துத் தேடித் தவிப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் எல்லா நூலும் மனிதக் குரலில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல நூல்கள் எழுத்துக் கோப்பாக வரும். போனின் இயந்திரக் குரல்தான் வாசிக்கும்.

செலவு பணத்தில் இல்லை, அலைச்சலில் இருக்கிறது. இந்த நூலகத்தில் உறுப்பினராக உள்ள நிறுவனம் ஒன்றின் வழியாகப் பதிவு, குறைபாட்டுக்கான சான்று, அதற்கான மருத்துவப் பரிசோதனை. மாமனாரை இரண்டு முறை கூட்டிப் போக வேண்டியிருந்தது. முதல் முறை போனபோது சம்பந்தப்பட்ட மருத்துவர் அன்று வரவில்லை. அக்கா வெறுத்துப்போய் "வேணாம் டீச்சர், டிவியே போதும்" என்றார். பொறுத்திருங்கள் என்றேன். கண் புரை மட்டும் என்றால் இந்த அலைச்சலே வேண்டாம்; அறுவை முடிந்து கண்ணாடி போட்டால் அச்சுக்கே திரும்பிவிடலாம். திரும்ப வராத பார்வைக்குத்தான் இது.

சென்னைக்கு அடிக்கடி போகிறவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெயில் பிரிவையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

## 3. லிப்ரிவாக்ஸ்

2005-ல் தொடங்கியது. உரிமைக்காலம் முடிந்த நூல்களை உலகமெங்கும் தன்னார்வலர்கள் வாசித்து இலவசமாக ஏற்றுகிறார்கள். உறுப்பினர் அட்டை வேண்டாம், கெடு கிடையாது, திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். இரவல் என்று சொல்வதே தப்பு, எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலச் செவ்வியல் நூல்கள் வேண்டும் என்றால் இது கடல். தமிழ்ப் பட்டியல் சிறியது. அமெரிக்கச் சட்டப்படி உரிமை முடிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. அந்தக் கணக்கில் நம்முடைய இருபதாம் நூற்றாண்டு எழுத்தில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடுகிறது.

குரல் இங்கே லாட்டரி. சிலர் தொழில்முறைக் கலைஞர்களையே மிஞ்சுவார்கள். சில நூல்களில் அத்தியாயத்துக்கு ஒரு ஆள் என்று பங்கு போட்டிருப்பார்கள்: மூன்றாம் அத்தியாயத்தில் அமெரிக்கர், நான்காவதில் ஆஸ்திரேலியர், ஐந்தில் பின்னணியில் நாய் குரைக்கும். ஒரே ஆள் முழுதும் வாசித்த பதிப்பைத் தேடி எடுங்கள். பிரபலமான நூல்களுக்கு இரண்டு மூன்று பதிப்பாவது இருக்கும்.

எனக்கு இதில் பிடித்தது, வெறும் எம்.பி.3 கோப்பாகக் கிடைப்பது. மெமரி கார்டில் ஏற்றிப் பட்டன் போனில் போடலாம்; சாமி பாட்டு ஓடுமே, பென் டிரைவ் செருகும் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் போடலாம். ஒரு தொல்லையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கோப்புக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்து ஏற்றினால், பல கருவிகள் 1, 10, 11, 2 என்ற வரிசையில் ஓட்டும். கதாநாயகி செத்த பிறகு கல்யாணம் நடக்கும். 01, 02 என்று பெயர் மாற்றி ஏற்றுங்கள். அப்புறம், இந்தக் கருவிகளில் பல, அணைத்துப் போட்டால் மறுபடி முதலிலிருந்தே தொடங்கும். அதனால் நீண்ட நாவலைவிடக் கோப்புக்கு ஒன்றாக முடியும் கதைகள் உத்தமம்.

## 4. வெளிநாட்டு நூலக அட்டையும் லிப்பியும்

இணையத்தில் ஒலிநூல் இரவல் என்று தேடினால் வந்து குவியும் அறிவுரை எல்லாம் லிப்பி செயலியைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஓவர்டிரைவ் நிறுவனத்தின் செயலி. செயலி இலவசம், ஆனால் அதில் சேர்ந்திருக்கும் பொது நூலகம் ஒன்றின் அட்டை வேண்டும். நம் கிளை நூலக அட்டை அங்கே செல்லாது.

பின் எதற்கு இதைச் சொல்கிறேன்? பட்டுக்கோட்டை, மன்னார்குடி, முத்துப்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் சிங்கப்பூரில் இருப்பார். மகள் பிரசவத்துக்கென்று அமெரிக்கா போய் ஆறு மாதம் குளிரில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் கும்பகோணத்தில் எத்தனை பேர்! அங்கே வசிக்கிறவர்களுக்கு இதைவிட வசதியான வழி இல்லை. சிங்கப்பூரில் குடியுரிமை, நிரந்தரவாசம் உள்ளவர்களுக்கு நூலக உறுப்பினர் ஆவது இலவசம். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் விதி மாறும்; முகவரிச் சான்று கேட்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

இது நடக்கும் விதம் அச்சு நூலகம் போலவே இருப்பது பலருக்கு ஆச்சரியம். நூலகம் ஒரு நூலுக்கு மூன்று உரிமம் வாங்கியிருந்தால் ஒரே நேரத்தில் மூன்று பேர்தான் கேட்க முடியும். மற்றவர்கள் வரிசையில். புதிதாக வந்த, எல்லோரும் பேசும் நூல் என்றால் வாரக்கணக்கில் காத்திருப்பு. கெடு நூலகத்தைப் பொறுத்து 7, 14, 21 நாள். முடிந்ததும் தானே திரும்பிவிடும், அபராதம் கிடையாது. பாதியில் போய்விட்டால் மறுபடி வரிசை. திரும்ப வரும்போது விட்ட இடத்திலிருந்தே தொடங்கும்.

புதிதாகச் சேர்கிறவர்கள் ஆசைப்பட்டு ஐந்து நூலுக்கு ஒரே நாளில் வரிசை போட்டுவிடுவார்கள். ஐந்தும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். தாளடி நடவுக்கு ஆள் வந்து நிற்கிற அன்று விருந்தாளியும் வந்த கதை. இதற்கென்றே 'பிறகு கொடு' என்று தள்ளிவைக்கும் வசதி இருக்கிறது. வரிசையில் இடம் போகாது. என் யோசனை: ஒரு நீளமான நூலுக்கு வரிசை போடுங்கள், காத்திருக்கும் நாளில் உடனே கிடைக்கும் பழைய நூல் ஒன்றைக் கேளுங்கள். புதியவற்றையே துரத்துகிறவர்கள் மாதம் முழுக்கக் காத்திருப்புப் பட்டியலைத்தான் பார்ப்பார்கள்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. இங்கே ஆங்கிலம்தான் பிரதானம். தமிழ் ஒலிநூலைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். மற்றது, தம்பியின் அட்டை எண்ணை வாட்ஸ்அப்பில் வாங்கி இங்கே உட்கார்ந்து கேட்பது. பலர் செய்கிறார்கள். அட்டை அந்த ஊர் வரியில் அந்த ஊர்க்காரருக்குக் கொடுத்தது. பெரும்பாலான நூலகங்களின் விதிப்படி தவறு. ரயில் பையனுக்கு சிங்கப்பூரில் சித்தப்பா உண்டு. கேட்டான், வேண்டாம் என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்தால் நான் சொன்னதைக் கேட்டிருப்பான் என்று தோன்றவில்லை.

## 5. எழுத்தை இயந்திரம் வாசிப்பது

1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதல் தமிழ் விக்கிமூலம் வரை, பழைய தமிழ் நூல்கள் எழுத்து வடிவில் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் தமிழ்க் குரலை இறக்கிவைத்தால் நெட் இல்லாமலே வாசிக்கும். படமாக ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்றால் மட்டும் வாயைத் திறக்காது.

கட்டுரை, வரலாறு, பாடப் புத்தகத்துக்கு இது தாராளமாகப் போதும். கதையில்தான் மாட்டிக்கொள்ளும். நம் பக்கத்து அக்ரகாரப் பேச்சு, "வந்துண்டிருக்கா", "என்னத்தைச் சொல்றது போ" மாதிரி வாக்கியங்களை அது கலெக்டர் அலுவலக அறிவிப்பு போல வாசிக்கும். 'கி.மீ.' வந்தால் புள்ளிக்குப் புள்ளி நின்று மூச்சு விடும். ஒரு சங்கீதக் கட்டுரையை அப்பாவுக்குப் போட்டேன். தமிழில் ஒரே 'ப'தானே. ராகத்தின் பாவத்தை எல்லாம் செய்த பாவமாகவே வாசித்துத் தள்ளியது. "தோடி என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு அப்பா கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார்.

## 6. சந்தா செயலிகள்

ஸ்டோரிடெல், ஆடிபிள், குக்கூ எஃப்.எம். போன்றவை. இரவல் இல்லை, மாதச் சந்தா. ஒப்பீட்டுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொழில்முறைக் குரலில், உரிமை வாங்கிய தமிழ் நூல்கள் வேண்டும் என்றால் இங்கேதான் வர வேண்டியிருக்கிறது. சந்தா நின்றால் நூலும் நின்றுவிடும். இலவச சோதனைக் காலம் முடிந்ததும் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டை அன்றே நிறுத்தி வையுங்கள். இப்படி ஒரு செயலிக்கு நான் கேட்காமலே ஐந்து மாதம் கட்டியிருக்கிறேன். தினம் ஒரு மணி நேரம் நிச்சயம் கேட்கிறவர்களுக்குக் கட்டுப்படியாகும். மற்றவர்கள் ஒரு மாதம் சேர்ந்து, வேண்டியதைக் கேட்டுவிட்டு நிறுத்தலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | தமிழ் நூல்கள் | குரல் | கெடு | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| நூலகப் புத்தகம் + வீட்டுக் குரல் | மிக அதிகம் | உங்கள் வீட்டுக் குரல் | நூலகக் கெடு | ஒருவரின் தினசரி நேரம் | கூட்டுக் குடும்பத்து முதியவர் |
| சுகம்யா புஸ்தகாலயா | உண்டு | மனிதக் குரலும் இயந்திரமும் | நெருக்கடி இல்லை | சான்று, அலைச்சல் | நிரந்தரப் பார்வைக் குறைவு |
| லிப்ரிவாக்ஸ் | குறைவு | ஆளுக்கு ஆள் மாறும் | இல்லை | நல்ல பதிப்பைத் தேடும் நேரம் | ஆங்கிலம் பழக விரும்புகிறவர், நெட் இல்லாதவர் |
| லிப்பி | மிகக் குறைவு | தொழில்முறை | 7 முதல் 21 நாள் | காத்திருப்பு வரிசை | வெளிநாட்டில் வசிப்பவர் |
| இயந்திரக் குரல் | பழைய நூல்கள் ஏராளம் | தட்டை | இல்லை | சலிப்பு | மாணவர், கட்டுரை வாசகர் |
| சந்தா | ஓரளவு | தொழில்முறை | சந்தா உள்ளவரை | தானாக எடுக்கும் பணம் | தினமும் கேட்பவர் |

## வழி முடிவானால், எந்த நூல்?

தமிழில் எது இலவசமாக, நியாயமாகக் கிடைக்கும் என்பதை ஒரு கணக்கு முடிவு செய்கிறது. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு முடிந்தால் உரிமை பொதுவாகிவிடும். அதற்கு முன்பே அரசு நாட்டுடைமை ஆக்கியிருந்தாலும் யாரும் வாசித்து வெளியிடலாம். கல்கியின் நீண்ட சரித்திர நாவல்களுக்கு இணையத்தில் இத்தனை குரல்கள் இருப்பதற்கு அதுதான் காரணம். கும்பகோணத்துக் கு.ப.ரா. 1944-ல் மறைந்தவர், அவர் கதைகள் எப்போதோ பொதுவுக்கு வந்துவிட்டன. தி.ஜானகிராமன் 1982-ல் மறைந்தவர் என்பதால் 60 ஆண்டுக் கணக்கு 2042 முடியும்வரை ஓடும். அவருடைய நாவலை யாரோ வாசித்து இலவசமாக ஏற்றியிருந்தால், அனுமதி வாங்கியதா என்று ஒரு நொடி யோசியுங்கள். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். புகார் வந்தால் இருபதாம் அத்தியாயத்தோடு காணாமல் போகும், நீங்கள் திண்டாடுவீர்கள்.

நீண்ட நாவலா, சிறுகதையா? கெடு இல்லாத வழியில், தினம் ஒரு மணி நேரம் உறுதியாகக் கிடைக்கிறவர்கள் மட்டும் நீண்ட நாவலுக்குப் போகலாம். பாத்திரங்களின் பெயர் நாலு நாள் இடைவெளியில் காதில் நிற்காது. அச்சில் என்றால் திருப்பிப் பார்த்துக்கொள்வோம். பேருந்துக்குச் சிறுகதை. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் 40 கிலோமீட்டர். அய்யம்பேட்டை தாண்டுவதற்குள் ஒரு கதை முடிந்து, மிச்ச தூரத்துக்கு அதையே நினைத்துக்கொண்டு போகலாம். தூங்கித் தூங்கி விழிக்கிறவர்களுக்குத் தன்வரலாறு நல்லது. ஒருவர் தன் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டு போகும்போது நடுவில் பத்து நிமிஷம் தவறினாலும் குடி முழுகிவிடாது. துப்பறியும் கதை அவர்களுக்கு ஆகவே ஆகாது. கொலையாளி பிடிபட்ட பிறகுதான் விழிப்பார்கள்.

சுருக்கப் பதிப்பா, முழுப் பதிப்பா என்பதையும் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். படித்த நாவலை மறுபடி கேட்கிறவர்கள் சுருக்கத்தில் ஏமாறுவார்கள். அவர்களுக்குப் பிடித்த பக்கம்தான் வெட்டுப்பட்டிருக்கும்.

## கடைசியில் மூவரும் எடுத்தது

அக்காவின் மாமனாருக்குச் சான்று வந்து, பதிவும் முடிந்துவிட்டது. அவர் கேட்டது நாவல் இல்லை, விவசாயப் புத்தகம். இயந்திரக் குரல்தான். "தட்டையா இருந்தா என்ன, சேதி தெரியுதுல்ல" என்கிறார். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறார்களா என்ற செய்திக்கு அடுத்தபடியாக அந்த போனைத்தான் கையில் வைத்திருக்கிறார்.

ரயில் பையன் லிப்ரிவாக்ஸில் ஓர் ஆங்கிலத் துப்பறியும் தொகுப்பை எடுத்தான். ஒரே ஆள் வாசித்தது, கதை ஒன்று ஒரு போக்கில் முடிகிற நீளம். முதல் வாரம் பாதிதான் புரிந்தது என்றான். வேகத்தை முக்காலாக்கச் சொன்னேன். இப்போது முழு வேகத்துக்கு வந்துவிட்டான். சித்தப்பாவின் அட்டையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு என் பையன் வாசித்துக்கொண்டிருக்கும் நாவலின் கெடு வெள்ளிக்கிழமை. அன்று நூலகம் இல்லை, ஆக வியாழன். இன்னும் 46 பக்கம் இருக்கிறது. அவன் வேகத்துக்கு ஒன்றரை மணி நேரம். புதன்கிழமை அவனுக்குக் கணக்குப் பரீட்சை. அட்டையை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன், வியாழன் காலையில் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வர வேண்டும்.